படகின் சுவரில் வழிந்த மை

1970களில் தைவானில் கட்டி அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட பாய்மரப் படகுகளுக்கு அங்கே ஒரு கேலிப் பெயர் உண்டு: ‘லீக்கி டீக்கி’. ஒழுகும் தேக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளம், கீழறை, அலமாரி என்று கண்ட இடமெல்லாம் தேக்கு. மேல்தளப் பலகைகளை இறுக்க நூற்றுக்கணக்கில் திருகுகள். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு ஓட்டை, வருடங்கள் போனால் அந்த ஓட்டை வழியே ஒழுகல்.

அப்படியொரு பழைய படகின் கீழறைக்குள் இறங்கினால், பொன்னிறத் தேக்குச் சுவரில் கறுப்பாக ஒரு கறை நாக்கு நீட்டியதுபோல் வழிந்திருக்கும். படகு வாங்க வந்தவர் அதைப் பார்த்ததுமே மரம் மக்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். பல நேரம் அது தவறு. திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் மக்கல்தான், பலகையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மரம் உறுதியாக நின்றால் அது வெறும் மை.

மை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மை, ஓக் மரத்தின் பூச்சிக்காய்களை, அதாவது நம் மாசிக்காயை, ஊறவைத்த நீரோடு இரும்பு உப்பைக் கலந்து செய்தது. காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. தலைக்குப் பூச நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைப்பவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் சட்டியில் இருப்பது கன்னங்கரேல் என்ற குழம்பு. டானின் ஓக்கில் ஏராளம், மகோகனியிலும் உண்டு. தேக்கில் குறைவுதான், ஆனால் கறை விழ அது போதும்.

சரி, இரும்பு எங்கிருந்து வந்தது? பாய்மரக் கம்பத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள், செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டைகளில் முடிகின்றன. பல படகுகளில் இந்தப் பட்டை மேல்தளத்தில் ஒரு வெட்டு வழியே நுழைந்து, கீழறைத் தடுப்புச் சுவரில் போல்ட் போட்டு நிற்கும். காற்று அடிக்கும்போதெல்லாம் கம்பி இழுக்கும், பட்டை மயிரிழை அளவு அசையும், வெட்டைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை விட்டுக்கொடுக்கும். துருப்பிடிக்காத எஃகு என்கிறோமே, அதைக் காப்பது மேலே படிந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது கிழிந்தால் தானாகத் தைத்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். உப்புநீர் தேங்கிய இடுக்கில் ஆக்சிஜன் கிடைக்காது. அங்கே எஃகு கமுக்கமாக அரிக்கிறது, கரைந்த இரும்பு நீரோடு மரத்துக்குள் இறங்குகிறது.

கறையைக் கண்டதும் எல்லோரும் முதலில் எடுப்பது உப்புத்தாள். அங்கேதான் காரியம் கெடும். படகுச் சுவர் பெரும்பாலும் முழுத் தேக்கு அல்ல. ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தேக்குத் தோல். கறையோ நீர் போன ஆழம்வரை போயிருக்கும். தேய்த்துக்கொண்டே போனால் கறைக்கு முன்னால் தேக்கு தீர்ந்துவிடும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் பூஞ்சைக் கறைக்குச் சரி, இரும்பிடம் அதன் ஜம்பம் பலிக்காது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதைவிட மோசம். இரும்பு அதைப் பிளந்து, மரநாரையே கடிக்கும் ஆவேசமான மூலக்கூறுகளை உண்டாக்கும்.

வேலைக்கு ஆவது ஆக்சாலிக் அமிலம். புளியாரைக் கீரையின் புளிப்பும் பசலையைத் தின்றபின் பல் கூசுவதும் இதனால்தான். இது இரண்டு வேலை செய்கிறது. அமிலம் என்பதால் டானினுக்கும் இரும்புக்கும் உள்ள பிடியைத் தளர்த்துகிறது. தளர்ந்த இரும்பை ஆக்சலேட் மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்து, நீரில் கரையும் வெளிர்ப்பச்சைச் சேர்மமாக மாற்றிவிடுகிறது. மற்ற வெளுப்பான்கள் நிறத்தை அழிக்கப் பார்க்கும். இதுவோ நிறத்துக்குக் காரணமான இரும்பையே தூக்கிக்கொண்டு போகிறது. மரத்தின் இயல்பான நிறத்துக்குப் பெரிய சேதமில்லை.

வார்னிஷ் இருந்தால் அமிலம் உள்ளே போகாது, முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கடல் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், அதை விட்டுவைத்தால் மரம் காயவே காயாது. ஒரு லிட்டர் சுடுநீரில் 50 முதல் 100 கிராம்வரை அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கறையில் மட்டுமல்லாமல் முழுப் பலகையிலும் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் கறுப்புத் தீவு போய் வெள்ளைத் தீவு வரும். சில நிமிடங்களில் கறுப்பு பழுப்பாகி மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிடிவாதமான இடத்துக்கு இரண்டு மூன்று முறை.

இது சமையலறைப் புளி அல்ல, நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காய்ந்த பிறகு மேலே படியும் வெண்படிகத்தை அப்படியே தேய்த்தால் அந்தத் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், அதனால் பலமுறை கழுவி, இடையில் ஒருமுறை சோடா உப்பு நீராலும் துடைப்பார்கள். தேய்க்க இரும்பு நார் மட்டும் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் முறிந்து நிற்கும் துணுக்குகள் அடுத்த ஈரத்தில் நூறு கறுப்பு மச்சங்களாக முளைக்கும். நைலான் நார் போதும்.

கறை போனாலும் அந்த இடம் கொஞ்சம் வெளிறியே நிற்கும். ஐம்பது வருடத்தில் முதிர்ந்த நிறம் ஒரு மதியத்தில் வராது. சாயம் பூசி மறைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த லேசான நிழல் இருந்தால் தப்பில்லை என்றுதான் தோன்றும்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அமிலம் இரும்பைத்தான் எடுக்கிறது, டானின் அங்கேயே இருக்கிறது. மறுபடி துருநீர் வந்தால் மறுபடி மை. ஆகவே செயின்பிளேட்டைக் கழற்றிப் பார்த்து, அரித்திருந்தால் மாற்றி, புதிய பசை பூசி மூடுவதுதான் முதல் வேலை. மூடியபின் அதற்குக் கீழே மரத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். கோடு எங்கும் கரையாமல் இருந்தால் வார்னிஷ் டப்பாவைத் திறக்கலாம்.