எலியின் இரைப்பை சொல்லும் கல்லீரல் சேதி

ஒரு வாசகி எழுதியிருந்தார். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற இரண்டு என்சைம் அளவுகளும் மாதக்கணக்காக இறங்கவே இல்லை, ஹெபடைடிஸ் வைரஸ் எதுவும் கிடையாது, ஏஎன்ஏ (சொந்தச் செல்களின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி) மட்டும் பாசிட்டிவ். "ஆட்டோஇம்யூனாக இருக்கலாம், பயாப்ஸி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறாராம் டாக்டர், அதாவது நோய்க்காப்புப் படையே கல்லீரலைத் தாக்குகிறதா என்று ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். 'ரத்தத்திலேயே பாசிட்டிவ் என்று வந்த பிறகும் ஏன் இழுக்கிறார்கள்? அதுவரை நான் எதை விடுவது, காபியையும் விட வேண்டுமா?' என்பது அவருடைய கேள்வி.

கல்லீரல் செல் சேதமானால் உள்ளே இருக்கும் என்சைம்கள் ரத்தத்தில் கசியும், அதைத்தான் ஏஎல்டி எண் காட்டுகிறது. யார் சேதப்படுத்தினார்கள் என்று அது சொல்லாது. கொழுப்பா, மதுவா, மருந்தா, நம் உடம்பின் சொந்தப் படையா? கடைசி ஆள் மேல் சந்தேகம் வந்தால் ஆன்டிபாடிகளைத் தேடுவார்கள். தேடும் விதம்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை மூன்றையும் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சீவல்களாக அறுத்து, ஒரே கண்ணாடித் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். உங்கள் ரத்தத்தின் சீரத்தை (செல்களை நீக்கிய தெளிந்த நீரை) நாற்பது மடங்கு நீர்க்கச் செய்து அதன் மேல் விடுவார்கள். எலிக்கும் நமக்கும் செல்லின் அடிப்படைப் புரதங்கள் அவ்வளவு ஒத்துப்போவதால், உங்கள் உடம்பைத் தாக்கும் ஆன்டிபாடி எலியின் திசுவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை, ஒளிரும் சாயம் கட்டி ஊற்றுவார்கள். (ஆன்டிபாடியில் சாயம் கட்டும் இந்த யோசனை 1940களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் செய்து காட்டியது.) பிறகு இருட்டறை, மைக்ராஸ்கோப், நீல ஒளி. ஒட்டிய இடமெல்லாம் பச்சையாக எரியும்.

எங்கே எரிகிறது என்பதுதான் விடை. செல்களின் நடுவே உட்கருக்கள் மட்டும் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் ஏஎன்ஏ. இரைப்பையின் தசை அடுக்கும் ரத்தக்குழாய்ச் சுவர்களும் ஒளிர்ந்தால் மென்தசை ஆன்டிபாடி. இந்த இரண்டும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ், அதாவது சொந்தப் படை தாக்குவதால் வரும் கல்லீரல் அழற்சி, பக்கம் கைகாட்டும். சிறுநீரகக் குழல்கள் ஒளிர்ந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அதற்கு இரண்டு காரணம் உண்டு. அப்போது பக்கத்துச் சீவலைப் பார்க்க வேண்டும்: இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களும் ஒளிர்ந்தால் அது மைட்டோகாண்ட்ரியா ஆன்டிபாடி, பித்தக் குழாய்களை அரிக்கும் பிபிசி என்ற வேறு நோயின் அடையாளம், இரைப்பை இருண்டு கிடந்து கல்லீரல் பளிச்சென்றால் அது எல்கேஎம் என்ற ஆன்டிபாடி, ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸில் பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படும் வகையின் அடையாளம். மூன்று உறுப்புகளையும் ஒன்றாக ஒட்டியதன் சூட்சுமம் இதுதான்.

சரி, பச்சை எரிந்ததே, போதாதா? போதாது. 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நாற்பது மடங்கு நீர்த்த சீரத்தில் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏஎன்ஏ தெரிந்தது. 160 மடங்கு நீர்த்த பிறகும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மிஞ்சியது. கொழுப்புக் கல்லீரல் உள்ள பலருக்கும் இது வரும். போதாக்குறைக்கு, கல்லீரலை இடிக்கும் வேலையைப் பெரும்பாலும் டி செல்கள் என்ற நோய்க்காப்புச் செல்கள்தான் செய்கின்றன, ஏஎன்ஏ வெறும் தடயம். ஆகவே ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையின் அளவு, வைரஸ் இல்லை என்ற உறுதி, பயாப்ஸி எல்லாம் சேர்ந்தால்தான் தீர்ப்பு. கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் ஊசியில் வரும். அந்த நூலிழைத் துணுக்கில் நோய்க்காப்புச் செல்கள் ரத்தக்குழாய்களும் பித்தக் குழாயும் ஓடும் பாதையின் எல்லை தாண்டி கல்லீரல் செல்களுக்கிடையே நுழைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் இந்தக் காட்சி மங்கிவிடலாம், நோய் தீவிரமாக இல்லாதபோது டாக்டர் பொறுப்பது அதனால்தான்.

(இன்னமும் எலிச் சீவலையும் பழகிய ஒரு ஜோடிக் கண்ணையும் நம்பியிருக்கிறோம் என்பது அழகுதான், ஆனால் கொஞ்சம் வெட்கமும்கூட. அரிய நோய் என்றாலே ஆராய்ச்சிப் பணம் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது.)

இப்போது வாழ்க்கை முறை. உணவாலும் நடையாலும் நோய்க்காப்புப் படையைத் திருப்பி அனுப்ப முடியாது, அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் குழப்பும் மற்ற காரணங்களைக் குறைக்கலாம். மதுவை அடியோடு நிறுத்துங்கள். எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். அப்போதும் ஏஎல்டி இறங்கவில்லை என்றால் அதுவே டாக்டருக்கு ஒரு துப்பு. 'லிவர் டீடாக்ஸ்' பொடிகள், மூலிகை மாத்திரைகள் பக்கம் போகவே வேண்டாம். எனக்கு இதில் கோபமே உண்டு: சமையல் மஞ்சளின் சாரத்தை அடர்த்தியாக்கிச் செய்த மாத்திரை உட்படச் சில பொருட்கள் கல்லீரலை நேரடியாகக் காயப்படுத்தியது பதிவாகியிருக்கிறது, சில சமயம் அது பயாப்ஸியில் அச்சு அசலாக ஆட்டோஇம்யூன் போலவே தெரியும்! போன ஆறு மாதத்தில் விழுங்கியது எல்லாவற்றையும், சத்து மாத்திரை உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ பயாப்ஸி தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் அந்தக் காபி. குடியுங்கள். காபி குடிப்பவர்களின் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.