மார்கழி விடியக்காலைல வாசல்ல நிக்கறவங்களுக்கு ஒரு நுரையீரல் டாக்டர் சொல்றது

சென்னை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல பம்மல்ல கிளினிக் வச்சிருக்கேன். ஜூலை மாசத்துல ஒரு நாளைக்கு நாலஞ்சு வீசிங் கேஸ் வந்தாலே அதிகம், ஆனா மார்கழி பாதி தாண்டிச்சுன்னா நான் கதவத் திறக்கறதுக்கு முன்னாடியே படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருக்காங்க. அவங்க கேக்கறதும் ஒரே கேள்விதான், "தலைக்கு மேல போற பிளேன் புகைதானே டாக்டர் காரணம்?"

பிளேனுக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்லமாட்டேன். வாடைக்காத்து சீசன்ல மீனம்பாக்கத்துக்கு வர்ற பிளேன் பெரும்பாலும் நம்ம பக்கமாத்தான் தாழ வந்து இறங்குது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஏர்போர்ட்ட ஆராய்ச்சி பண்ணி 2014ல வெளியிட்டாங்க, காத்து வீசுற திசையில 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட ரொம்பப் பொடித் துகள் நாலு மடங்கு இருந்துச்சு. நம்ம ஊர் மீட்டர்ல அந்தத் துகள எண்ணவே மாட்டாங்க, எடை கணக்குலதான் பாக்கறாங்க. இதையும் அளக்கணும்னு நாம கேக்கணும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, பிளேன் ஜூலைலயும்தான் பறக்குது. கூட்டம் ஏன் மார்கழி, தைல மட்டும்?

வெயில் காலத்துல மத்தியானமானா கடல்காத்து உள்ள வந்து புகைய அள்ளிட்டுப் போயிடும். ஐப்பசி, கார்த்திகைல மழை கழுவி விட்டுடும். மழை ஓஞ்ச பிறகு மார்கழில ராத்திரி தரை சீக்கிரம் குளுந்துடுது, தரைய ஒட்டி இருக்கற காத்தும் குளுந்து கனமாகி கீழயே படுத்துக்குது, அதுக்கு மேல இருக்கற காத்து வெதுவெதுன்னு மூடி போட்ட மாதிரி நிக்குது. ஜிஎஸ்டி ரோடு லாரிப் புகை, திரிசூலம் பக்கத்து தூசி, காலி மனைல யாரோ கொளுத்தின குப்பை, எல்லாம் நம்ம மூக்கு உயரத்துலயே தங்கிடுது. வெயில் ஏறி தரை சூடாகற வரைக்கும் கலையாது.

அந்த நேரத்துலதான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க வாசல் பெருக்கி, குனிஞ்சு கோலம் போடறாங்க! அம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, வருஷா வருஷம் மார்கழில மட்டும் எங்கிட்ட நெபுலைசர் வைக்க வருவாங்க. போன தடவை ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதினா மூச்சு எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு காட்டற கருவி, நம்பர் குறைஞ்சா மூச்சுக்குழாய் சுருங்கியிருக்குன்னு அர்த்தம்) குடுத்து காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் ஊதி எழுதச் சொன்னேன். காலண்டர் தாள் பின்பக்கத்துல பென்சில்ல எழுதிட்டு வந்தாங்க. சாயங்காலம் 290, 300. கோலம் போட்டு உள்ள வந்ததும் 190, 180. ஆஸ்துமாக்காரங்களுக்கு விடியக்காலைல மூச்சுக்குழாய் இயல்பாவே கொஞ்சம் சுருங்கும், அது மேல இந்தப் புகையும் சேந்துக்குது. "அஞ்சு மணிக்குப் போட்டாத்தான் டாக்டர் ஓசோன் கிடைக்கும்னு வாட்சப்ல வந்துச்சே"ன்னாங்க.

தயவுசெஞ்சு அந்த மெசேஜ இனிமே ஃபார்வர்ட் பண்ணாதீங்க. தரை மட்டத்துல இருக்கற ஓசோன் நுரையீரல அரிக்கற வாயு, அதோட அது வெயில் பட்டாத்தான் உருவாகும், விடியக்காலைல ரொம்பக் கம்மி. நல்லதும் இல்ல, அந்த நேரத்துல அவ்வளவா இருக்கறதும் இல்ல.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சமீர் ஆப்ல, ஆலந்தூர்ல காத்து அளக்கற ஸ்டேஷன் பாத்துட்டு "பச்சைதானே காட்டுது"ன்னு சிலர் சொல்றாங்க. அதுல வர்ற ஏக்யூஐ, அதாவது காத்து எவ்வளவு மோசம்னு காட்டற நம்பர், 24 மணி நேர சராசரி, காலை ஆறு மணி மோசமும் மத்தியான நல்ல காத்தும் கலந்து ஒரே நம்பரா வரும். பிஎம் 2.5, அதாவது நுரையீரல் ஆழம் வரைக்கும் போற பொடித் துகளுக்கு, நம்ம அரசு வச்ச ஒரு நாள் அளவு ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்றது 15. அதனால கலரை மட்டும் நம்பி பெரியவங்கள வாக்கிங் அனுப்பாதீங்க, ஏழரை எட்டுக்கு மேல அனுப்புங்க.

அப்புறம் போகி. 2018 ஜனவரி 13 ஞாபகம் இருக்கா, பனியும் புகையும் சேந்து ரன்வே தெரியாம வந்த பிளேனையெல்லாம் வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. நம்ம ஏரியால இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல அலாரம் கிடையாது, போகி காலைல கண் முழிச்சதும் பிளேன் சத்தமே கேக்கலன்னா ஜன்னலத் திறக்காதீங்க. வீசிங் இருக்கறவங்க அன்னிக்கு வெளிய போயே ஆகணும்னா என்95 போடுங்க, துணி மாஸ்க்கும் கர்ச்சீப்பும் இந்தப் பொடித் துகள நிறுத்தாது. ஜன்னல மூடிட்டு உள்ள கொசுவத்தி ஏத்தறதும் வேண்டாம், ஒரு சுருள்ல இருந்து வர்ற துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாதுன்னு அளந்து பாத்திருக்காங்க. வலை கட்டுங்க.

எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சல் எங்கன்னா, மழைக்காலத்துல "நல்லா இருக்கேன்"னு தினமும் போடற பம்ப (இன்ஹேலர) நிறுத்திட்டு போகி அன்னிக்குக் காலைல தேடறாங்க பாருங்க, அங்கதான். அந்த மருந்து முழுசா வேலை செய்ய ஒண்ணு ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ ஆகும், அன்னிக்கு இழுத்தா அன்னிக்கே கேக்காது. கார்த்திகை தீபம் ஏத்தற வாரத்துலயே டாக்டர பாத்து டோஸ் சரி பண்ணிக்கோங்க, பம்ப்ல மருந்து மிச்சம் இருக்கான்னும் பாருங்க. பம்ப் பழக்கமாயிடும்னு பயப்படாதீங்க, ஆகாது. உடனே மூச்சு விடறதுக்கு வச்சிருக்கற பம்ப் அடிச்சும் ஒரு முழு வாக்கியம் சேந்தாப்ல பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா காத்திருக்காம 108 கூப்பிடுங்க.

அந்த அம்மா இப்ப பம்ப விடாம போடறாங்க, ஏழரைக்கு வெயில் வந்தப்புறம்தான் கோலம். முந்தாநாள் வந்தப்போ தாள்ல காலை நம்பர் 270.