50 வயது தாண்டிய பைக்குக்கு 'விஏ' எண்: ஸ்பானரை எடுப்பதற்கு முன் படிக்க வேண்டிய விதி

வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு ஜாவாவோ, புல்லட்டோ, ராஜ்தூத்தோ இருக்கிறது. தாத்தா ஓட்டியது, அப்பா ஓட்டியது, இப்போது நீங்கள் அதை எழுப்பி ஓட்டப் பார்க்கிறீர்கள். எல்லோரும் முதலில் போவது மெக்கானிக்கிடம்தான். அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது இதில்தான் இருக்கிறது. எல்லா வேலையும் முடிந்து, பெயின்ட்டும் அடித்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் இதைத் தெரிந்துகொண்டவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். செலவழித்த பணம் திரும்பாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. விண்டேஜ், அதாவது 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையும் 'விஏ' எண்ணும் வந்தது அப்போதுதான். 81ஏ-யில் தொடங்கும் விதிகள் இவை. அதற்கு முன் நாடு முழுவதற்கும் பொதுவான முறை எதுவும் கிடையாது.

யாருக்குப் பொருந்தும்? முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியும் இதில் சேரும். தயாரித்த ஆண்டைக் கணக்கில் எடுப்பதில்லை, முதலில் பதிவான நாள்தான் கணக்கு. 1956 முதல் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகள், 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் வெளிவரத் தொடங்கிய ஜாவா, அதே காலத்து ராஜ்தூத் எல்லாம் இந்த வயதைத் தாண்டிவிட்டன. யெஸ்டி என்ற பெயர் 1973-ல்தான் வந்தது என்பதால் அதில் ஆரம்ப கால வண்டிகள் மட்டும் தேறும். யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ ஊரே விண்டேஜ் என்கிறது. ஆனால் அது சந்தைக்கு வந்தது 1985-ன் கடைசியில். முதல் ஆர்.எக்ஸ். கூட 2035 வரை காத்திருக்க வேண்டும்.

வயது பாதிதான். மீதிப் பாதி, வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது. சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. பழைய பைக்கை ரிப்பேர் செய்பவர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய வரி இது ஒன்றுதான். ஃபிரேமை வெட்டி நீட்டுவது, பின்பக்கத்தை அறுத்து 'பாபர்' ஆக்குவது, 350 சி.சி. எஞ்சினை எடுத்துவிட்டு 500 சி.சி. வைப்பது எதைச் செய்தாலும் விண்டேஜ் பதிவை மறந்துவிட வேண்டியதுதான். அது மட்டுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்று எல்லா வண்டிகளுக்கும் சொல்கிறது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அப்படியானால் எதைச் செய்யலாம்? தேய்ந்ததைச் சரி செய்வது மாற்றம் ஆகாது. சிலிண்டரை போர் செய்து, அதாவது உள்ளே கடைந்து அகலப்படுத்தி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, ரிங், வால்வு, பேரிங், பிக் எண்ட், கிளட்ச் தட்டு, ஸ்போக்ஸ், டயர், ஒயரிங் இதெல்லாம் 50 வருடம் ஓடிய எந்த வண்டிக்கும் வேண்டியவை. போர் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால் மில்லிமீட்டரில் முடிகிற வேலையை 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுபோகும் லேத்காரர்கள் உண்டு. அடுத்த முறை போர் செய்ய இடமிருக்காது. அப்புறம் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உறை அடித்தாக வேண்டும். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதை லேத்துக்கு எடுத்துப் போய்க் கொடுத்து அதற்கேற்ப போர் செய்யச் சொல்லுங்கள். அளவை மட்டும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கார்புரேட்டர் இன்னொரு சங்கதி. பழைய புல்லட்டில் அமால், ஜாவாவில் ஜிகோவ். இரண்டுக்கும் அசல் கிடைப்பது அரிது என்பதால் பலர் வேறு கார்புரேட்டரை மாட்டி ஓட்டுகிறார்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் என்பதும் இதே கதைதான். விதியில் இவற்றின் பெயர் இல்லை. ஆனாலும் 'அசல் வடிவம்' என்ற சொல் இருக்கிறதே. என் யோசனை இது: ஓட்டுவதற்காக வேறு எதை மாட்டினாலும், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் எண்ணெய் தடவி வையுங்கள். பதிவுக்காக அதிகாரிகள் பார்வையிடும் நாளில் அதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

இனி எண்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.-யில் (பதிவுச் சான்றில்) இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் சேஸிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கத்தில் இருக்கும், எஞ்சின் எண் கிராங்க் கேஸில் குத்தியிருக்கும். ஐந்தாறு கோட் பெயின்ட்டுக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். சுரண்டக் கூடாது, அரம் போடக் கூடாது. பெயின்ட் ரிமூவரைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். மூன்றா எட்டா என்று கண்ணுக்குத் தெரியாதது காகிதத்தில் தெரியும். ஃபிரேமை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன் அந்த இடத்தில் கனமான டேப்பை நான்கு சுற்று ஒட்டி அனுப்புங்கள். ஆழமில்லாமல் குத்தியிருக்கும் பழைய எண்ணை மணல் அரித்துவிடும். பவுடர் கோட்டிங்கும் அப்படித்தான், குழியை மூடிவிடும். எண் அழிந்துபோனால் நீங்களாக பஞ்ச் வைத்துக் குத்திவிடாதீர்கள். ஆர்.டி.ஓ.-வின் எழுத்து அனுமதி இல்லாமல் அதைச் செய்தால் திருட்டு வண்டி என்ற சந்தேகத்தில்தான் போய் நிற்கும்.

என் பெரியப்பாவின் 1968 ஜாவாவில் எனக்கு இது நேரடியாகப் புரிந்தது. கிக்கரையே முன்னால் சாய்த்துப் போட்டால் கியர் லீவர் ஆகுமே, அந்த வண்டி. ஒருநாள் ஓட்டத்திலேயே செயின் அறுந்து சுருண்டு, முன் ஸ்பிராக்கெட் பக்கம் கிராங்க் கேஸை உடைத்துவிட்டது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்துவிட்டது. பட்டறையில், 'பழைய மார்க்கெட்டில் அரை எஞ்சின் கிடைக்கும், மாத்திடலாம்' என்றார்கள். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் எஞ்சின் எண் அந்தக் கிராங்க் கேஸில்தானே இருக்கிறது! வேறொருவர் எண் நம் வண்டிக்கு வந்துவிடும். பெயர்ந்த துண்டைத் தேடி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போக இரண்டு நாள் ஊறவைத்து, ஆர்கான் வெல்டிங் செய்து, முகப்பை லேத்தில் சமப்படுத்தினோம். தழும்பு இன்றும் தெரிகிறது. எண் பிழைத்தது.

எஞ்சினை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரலாம். அப்போது ஆர்.டி.ஓ.-விடம் முதலில் அனுமதி கேளுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.-யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி பழைய பாகச் சந்தையில் எஞ்சின் வாங்கினால் பில் கேளுங்கள், அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பதற்கான தாளையும் கேளுங்கள். தாள் தர மறுக்கும் கடையில் எண் உள்ள பாகம் எதையும் வாங்காதீர்கள். ஹெட்லைட் டூம், மட்கார்டு, டேங்க் போன்ற எண் இல்லாத பாகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இவற்றுக்குப் புதுப்பேட்டை இன்றும் நல்ல இடம். படத்தைக் காட்டினால் போதாது, பழைய பாகத்தையே கையில் எடுத்துப் போக வேண்டும். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் போல்ட் துளை இடம் மாறியிருக்கும். பழைய ஆங்கிலேய வண்டியாக இருந்தால் மரையே வேறு. அதற்கு விட்வொர்த் அளவு ஸ்பானர் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் போல்ட் தலை உருண்டுவிடும், பிறகு அந்தப் போல்ட்டைத் தேடுவது ஒரு தனி வேலை.

இதை எல்லாவற்றையும் விடக் கிடைப்பதற்கு அரிய பாகம் ஒன்று உண்டு. அது ஆர்.சி. புத்தகம். தொலைந்திருந்தால் போலீஸ் புகாருடன் படிவம் 26-ல் நகல் கேட்கலாம். தாத்தா பெயரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31-ல் பெயர் மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் இப்போதே வாங்கிவையுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அதன் மேல் பாசம் வந்துவிடும். 'டிஎன்' வருவதற்கு முந்தைய எம்.எஸ்., எம்.டி. வகை எண்ணாக இருந்தால், அந்தப் பதிவு கையால் எழுதிய பேரேட்டில் மட்டும் இருக்கலாம். ஆன்லைனில் தேடினால் வராது. பதிவு செய்த அலுவலகத்துக்கு ஆர்.சி.-யோடு நேரில் போய் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்லி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு நாளாகும், அதனால் எஞ்சினைப் பிரிக்கும் அன்றைக்கே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

சரி, விண்ணப்பம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 20. கூடவே இன்ஷூரன்ஸ், கட்டணம், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி. இதற்கென்று மாநில அரசு நியமித்த அதிகாரியும் குழுவும் வண்டியைப் பார்வையிட்டு, விண்டேஜ் என்று ஏற்கலாமா என்று முடிவு செய்வார்கள். 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-யில் பதிவுச் சான்று தர வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்.

ஏற்கெனவே எண் உள்ள வண்டி அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீடு, அடுத்து 'விஏ', பிறகு இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்று எண் வரும். தமிழ்நாட்டில் 'டிஎன் விஏ ஏஏ 0001' மாதிரி. விருப்பமிருந்தால் பழைய எண்ணை விடாதீர்கள். தாத்தா காலத்து எண் பலகைக்கு முன் விஏ ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.

இதுவரை படித்துவிட்டு உடனே விண்ணப்பிக்கக் கிளம்பிவிடாதீர்கள். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்குப் போய் வருவது, இவ்வளவுதான். காய்கறி வாங்கவோ வேலைக்குப் போகவோ அதை எடுக்கக் கூடாது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதும் கூடாது.

ஓட்ட ஆசைப்படுபவருக்கு வேறு வழி இருக்கிறது, சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. 15 வருடம் ஆனாலே வண்டியை நசுக்கிவிடுவார்கள் என்ற பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக பைக்குக்கு அப்படி எதுவும் இல்லை. 15 ஆண்டுக்குப் பிறகு ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். படிவம் 25, காலாவதி நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள். கூடவே பசுமை வரியும் உண்டு. 2025 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்தினார்கள். 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இப்போது 2,000 ரூபாய். 10 ஆண்டுக்கு இரண்டு முறை என்றாலும் 4,000-தான், 20,000 எங்கே!

இறக்குமதி வண்டிக்கு மட்டும் கணக்கு தலைகீழ். ஆர்.சி.-யில் இறக்குமதி என்று இருக்கும் 20 ஆண்டு தாண்டிய இரு சக்கர வண்டியைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை 20,000 ரூபாய். அதே தொகைக்கு விண்டேஜ் பதிவு 10 ஆண்டு வருகிறது, அடுத்த முறை 5,000 போதும். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை பேரணிக்கு மட்டும் வெளியே எடுக்கும் பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பழைய ஆங்கிலேய பைக் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் விண்டேஜ் பக்கம் போகலாம்.

விற்கவும் வாங்கவும் தடையில்லை. கைமாறிய 90 நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கும் பக்கம் நீங்கள் இருந்தால், பணம் கொடுக்கும் முன் பென்சிலும் காகிதமும் எடுத்துப் போய் இரண்டு எண்ணையும் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.-யோடு வைத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் இடித்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

பெரியப்பா ஜாவாவுக்குச் சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம். அவருக்கு 78 வயது. காலையில் பேப்பரும் பாலும் வாங்கி வர அதில்தான் போகிறார்.