பழைய கார் வாங்குகிறீர்களா? பெயர் மாற்ற விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டால் கார் நம்முடையது என்றுதான் முதல்முறை பழைய கார் வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்தப் பெயர் மாறும்வரை விற்றவருக்கும் நிம்மதி இல்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை.

சட்டத்தின் 50-ஆவது பிரிவு இருவருக்கும் கெடு வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தான் வசிக்கும் பகுதியின் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பனையை அறிவிப்பது படிவம் 29. பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் படிவம் 30.

இந்த இரண்டு படிவங்களிலும் வெறுமனே கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் தரகரிடம் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு கார் எத்தனை கை வேண்டுமானாலும் மாறலாம். பதிவேட்டில் பழைய பெயரே நீடிக்கும். அப்படிப் பலரிடம் கைமாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. காரை விற்று நெடுநாள் ஆகிவிட்டது என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

வாங்குபவருக்குச் சிக்கல் காப்பீட்டில் வருகிறது. கார் கைமாறியதும் பழைய காப்பீடும் புதியவருக்கு மாறியதாகவே கருதப்படும் என்கிறது 157-ஆவது பிரிவு. இதை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சலுகை மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் காரால் பாதிக்கப்படும் வேறொருவருக்கு, ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் கார் நொறுங்கினாலோ திருட்டுப் போனாலோ, காப்பீடு உங்கள் பெயரில் இல்லை என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஆகவே வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். முந்தைய உரிமையாளர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) அவருக்கே உரியது. காரோடு அது உங்களுக்கு வராது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவரை செல்லும், காப்பீடு நடப்பில் இருக்கிறதா, வண்டியின் மீது கடன் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். கட்டாத அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று நேரில் பாருங்கள். பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கார் வேண்டாம்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், "கடனை அடைத்துவிட்டேன்" என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றத்தைப் பதிய முடியாது. விற்பவரே வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றிதழும் படிவம் 35-உம் பெற்று அந்தப் பதிவை நீக்கித் தரட்டும். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுக்கலாம்.

வேறு மாநிலக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால் நின்று கணக்குப் போடுங்கள். பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். சாலை வரியும் கட்ட வேண்டும். விலையில் மிச்சமானது வரியில் போய்விடக்கூடும்.

உரிமையாளர் இறந்துவிட்ட கார் என்றால், முதலில் வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாரா என்று கேளுங்கள். அவர் பெயருக்கு வந்த பிறகே உங்களுக்கு விற்பது முறை.

பழைய கார் விற்பனையாளரிடம் (டீலரிடம்) வாங்குவோருக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 55ஏ முதலான விதிகளின்படி, விற்பனையாளர் பதிவு அதிகாரியிடம் ஐந்து ஆண்டுகளுக்கான அங்கீகாரம் பெற வேண்டும். உரிமையாளரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டதை படிவம் 29சி மூலம் இணையவழியில் தெரிவித்ததும், கார் அவரிடம் இருக்கும் காலத்தில் நடப்பவற்றுக்கு அவரே பொறுப்பாகிறார். எனவே அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் ஃபாஸ்டேக்கையும் கவனியுங்கள். பழையவர் தன் கணக்கை மூடிய பிறகு, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கடக்கும் சுங்கச்சாவடிக்கெல்லாம் அவர் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்.