உதடு விரிந்தால் துப்பாக்கி ஊமை

துப்பாக்கி பாதியில் சிக்கிக்கொண்டால், பழக்கப்பட்ட சிப்பாய் முதலில் மேகசினைத்தான் கழற்றிப் பார்ப்பார். தோட்டாக்களை அடுக்கி வைத்து, அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாக மேலே ஏற்றும் பெட்டி அது. பார்க்க எளிமையான சாமான்தான். ஆனால் எம்16 வகைத் துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது விநாடிக்குப் பத்துக்கும் மேல் தோட்டாக்கள் போகும். அந்தக் கண் இமைக்கும் நேரத்துக்குள் அடுத்த தோட்டா சரியான உயரத்தில், சரியான சாய்வில் வந்து நின்றாக வேண்டும்.

அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது பெட்டியின் வாயில் உள்நோக்கி வளைந்திருக்கும் இரண்டு விளிம்புகள். உதடுகள் என்றே அவற்றைச் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான். உதடு கொஞ்சம் விரிந்தால் இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் குவிந்தால் ஒன்றும் வெளியே வராது.

அலுமினிய மேகசினின் பலவீனம் இங்கேதான். கீழே விழுந்தால் மெல்லிய தகடு நெளியும், நெளிந்தது நெளிந்தபடியே நின்றுவிடும். மில்லிமீட்டரில் ஒரு பங்கு கோணலைக் கண்ணால் பிடிக்க முடியாது. நல்ல பெட்டி என்று நம்பி மறுபடி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். பாலிமர், அதாவது பிளாஸ்டிக், அப்படி ஏமாற்றாது. வளைந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும், முடியாவிட்டால் விரிசல் விட்டுவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், வலிமையைவிட இந்த நேர்மைதான் பிளாஸ்டிக் மேகசினின் பெரிய குணம்.

விழும்போது என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். 5.56 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், முப்பதும் சேர்ந்து 360 கிராம். பெட்டியோடு ஏறக்குறைய அரைக் கிலோ. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். வாய் கீழாக விழுந்தது என்றால் பெட்டி நின்றுவிடும், உள்ளே இருக்கும் தோட்டா வரிசை நிற்க மறுக்கும். ஆக, உதடுகளுக்கு வெளியிலிருந்து தரையின் அடி, உள்ளிருந்து தோட்டாக்களின் இடி. காலியான பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு உறுதியானது என்று சான்று கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இந்த அடியைத் தாங்குவதற்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது நைலான் குடும்பத்துப் பிளாஸ்டிக். அதில் பொடி நீளக் கண்ணாடியிழைகளைக் கலந்து வார்க்கிறார்கள். விறைப்பைத் தருவது இழை, அதிர்ச்சியை விழுங்குவது நைலான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் மூலக்கூறுகள் பாலிமர்ச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றைக் கொஞ்சம் நழுவ விடும், அதனால் பொருள் முறியாமல் வளையும். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த, நன்கு காய்ந்த நைலான் சற்று நொறுங்கும் சுபாவம் உள்ளது. கடுங்குளிரும் அதே நொறுங்கும் குணத்தைத் திரும்பக் கொண்டுவரும். புற ஊதாக் கதிர் சங்கிலிகளையே அறுக்கும். கறுப்பு மேகசினில் கலந்திருக்கும் கார்பன் கரி அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது. தோட்டா தெரியும்படி கண்ணாடிபோல் இருக்கும் சில பிளாஸ்டிக்குகளுக்கு வேறொரு எதிரி உண்டு. கொசு விரட்டியில் இருக்கும் டீட் என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட் போன்றவற்றை அரிக்கும். நைலான் அதைப் பெருமளவு தாங்கும்.

ஆனால் நைலானால் முழுக்கத் தப்ப முடியாத எதிரி, காலம். ஒரே சுமையை மாதக்கணக்கில் சுமந்தால் பிளாஸ்டிக் மெதுவாக, திரும்பாத அளவுக்குத் தளரும். ‘க்ரீப்’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். தோட்டா நிரப்பிய மேகசினை நீண்ட நாள் வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். ஸ்பிரிங்கை அதிகம் களைக்க வைப்பது அழுந்திக் கிடப்பதைவிட, திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதுதான். நிரப்பி வைத்த பிளாஸ்டிக் மேகசினில் உதட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அமெரிக்காவின் மேக்புல் நிறுவனம் தன் ‘பிமேக்’ மேகசினுக்கு ஒரு மூடி கொடுத்தது. தூசியைத் தடுப்பதோடு, மேல் தோட்டாவைக் கீழே அழுத்திப் பிடித்து உதடுகளின் சுமையையும் இறக்கிவைக்கும் மூடி அது.

மேக்புல்தான் இதையெல்லாம் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். சோவியத் படைகள் ஏகே துப்பாக்கிகளுக்குக் கண்ணாடியிழை கலந்த ஃபீனாலிக் பிசினில் ஆரஞ்சு நிற மேகசின்களை எப்போதோ செய்துவிட்டன. ஆஸ்திரியா 1977-இல் ஏற்ற ஸ்டெயர் ஆக் துப்பாக்கிக்கு ஒளி ஊடுருவும் மேகசின் இருந்தது.

எம்16-இல் சிக்கல் வேறு மாதிரி. மேகசின் நுழையும் குழியின் அளவு உலோகத் தகட்டை மனதில் வைத்து முடிவானது. பிளாஸ்டிக்குக்குத் தடித்த சுவர் வேண்டும், குழியோ அகலாது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி அந்தக் குழி கொஞ்சம் மாறவும் செய்யும். அமெரிக்க மரைன் படை 2012-இல் உலோக மேகசின்களை மட்டும் அனுமதித்து உத்தரவிட்டது. அவர்களுடைய எம்27 துப்பாக்கியில் அன்றைய பிமேக் பொருந்தாதது ஒரு காரணம். பிறகு வடிவம் மாறிய மூன்றாம் தலைமுறை பிமேக்கை 2016 டிசம்பரில் அதே படை ஏற்றுக்கொண்டது.

இந்தச் சின்னப் பெட்டிக்காக நிறுவனங்கள் காப்புரிமைச் சண்டையும் போட்டிருக்கின்றன. அது எங்கே வருகிறது? நைலானும் கண்ணாடியிழையும் ஊரறிந்த பொருட்கள், அவற்றுக்கு யாரும் புதிதாகச் சொந்தம் கொண்டாட முடியாது. எனவே வடிவத்துக்குத்தான் கோருவார்கள்: உள்சுவரின் வளைவு, தோட்டாவைத் தாங்கும் தட்டு சாயாமல் ஏறும் விதம், அடித்தட்டு பூட்டும் முறை. துப்பாக்கியின் குழி எல்லோருக்கும் ஒன்றுதான், தோட்டாவும் ஒன்றுதான். நல்ல விடை தேடும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வந்து முட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

ஜெர்மனியில் அது பெரிய விவகாரமாகவே வெடித்தது. 1,20,000 துப்பாக்கிகளுக்கான ராணுவ ஒப்பந்தம் 2020 செப்டம்பரில் ஹேனல் நிறுவனத்துக்குப் போனது. அடுத்த மாதமே பாதுகாப்பு அமைச்சகம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. காரணம், காப்புரிமைப் புகார்கள். ஹேனலின் மேகசின் மேக்புல்லின் காப்புரிமையை மீறுவதாக ஒரு புகார். மற்றொன்று போட்டியில் தோற்ற ஹெக்லர் & கோக் எழுப்பியது, அது சில துளைகளைப் பற்றியது. தண்ணீரில் மூழ்கி எழுந்த துப்பாக்கிக்குள் தண்ணீர் தேங்கினால், அது அழுந்தாது, பாகங்கள் நகர இடமும் விடாது. சுட்டால் ஆபத்து. அதை வழியவிடும் துளைகளுக்குத்தான் அந்தக் காப்புரிமை. ஹேனல் நீதிமன்றம் போனது, 2022 ஜூனில் டுசல்டார்ஃப் மேல்நீதிமன்றத்தில் தோற்றது. ஒப்பந்தம் ஹெக்லர் & கோக்கின் கைக்கே போய்ச் சேர்ந்தது.