டப்பாவில் எழுதிய 24 கிராம் எங்கிருந்து வருகிறது?

சித்தி மகன் ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் இரண்டு கிலோ புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தான். "அண்ணா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர்தானே, இது நல்ல சரக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

முகப்பில் கொட்டை எழுத்தில் 'ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம்'. டப்பாவைத் திருப்பினேன். ஒரு ஸ்கூப்பின் எடை 39 கிராம். 24-ஐ 39-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 61 சதவீதம். இது வே புரதப் பவுடர். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தெளிநீரிலிருந்துதான் வே புரதம் எடுக்கிறார்கள். அதில் நல்ல கான்சென்ட்ரேட் (செறிவாக்கியது) என்றால் 80 சதவீதம் வரை புரதம் இருக்கும், ஐசோலேட் (இன்னும் சுத்திகரித்தது) என்றால் 90-ஐ ஒட்டி வரும். சுவையும் கோகோவும் சேர்த்தால் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் 61 மிகக் குறைவு. ஸ்கூப்பைப் பெரிதாக்கினாலே முகப்பில் உள்ள எண்ணும் பெரிதாகிவிடும். அதனால் எந்த டப்பாவை வாங்கினாலும் இந்த வகுத்தலை முதலில் போட்டுப் பாருங்கள்.

இது மேலோட்டமான சோதனைதான். அந்த 24 என்ற எண்ணையே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் யோஹான் கெல்டால். தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1883-இல் அவர் வெளியிட்ட முறை இன்றைக்கும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மாதிரியைக் குடுவையில் போட்டு, அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைப்பார்கள். முதலில் எல்லாம் கரியாகக் கறுக்கும். மணிக்கணக்கில் கொதித்த பிறகு கறுப்பு மறைந்து கரைசல் தெளியும். அப்போது புரதத்தில் இருந்த நைட்ரஜன் எல்லாம் அம்மோனியம் உப்பாக மாறியிருக்கும். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் சேர்த்தால் அம்மோனியா வாயுவாக வெளியேறும். அதைப் பிடித்து அளந்தால் நைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

புரதத்தின் எடையில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வரும். பால் புரதத்துக்கு 6.38 என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. கவனித்தீர்களா? இங்கே யாரும் புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து, அது புரதத்திலிருந்துதான் வந்தது என்று நம்பிப் பெருக்குகிறார்கள்.

கலப்படக்காரர்கள் புகுவது இந்த நம்பிக்கையில்தான். அமினோ அமிலங்கள்தான் புரதச் சங்கிலியின் கண்ணிகள். கிளைசின் என்பது அவற்றில் மலிவான ஒன்று. ஒரு கிராம் கிளைசினைப் போட்டால் இந்தக் கணக்கில் 1.17 கிராம் 'புரதம்' காட்டும். ஜிம் போகிறவர்கள் தனியாகவும் வாங்கிச் சாப்பிடும் கிரியேட்டின் ஒரு கிராம் போட்டால் இரண்டு கிராம் காட்டும். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் மெலமின் ஒரு கிராமுக்கு நான்கு கிராமுக்கும் மேல் காட்டும். 2008-இல் சீனாவில் பாலில் தண்ணீர் கலந்தவர்கள், சோதனையில் மாட்டாமலிருக்க மெலமினைச் சேர்த்தார்கள். அந்தப் பால்மாவைக் குடித்த ஆறு கைக்குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன, பலருக்குச் சிறுநீரகத்தில் கல். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஜிம் பவுடரில் கிளைசினும், நைட்ரஜன் உள்ள இன்னொரு பொருளான டாரினும் சேர்ப்பது அந்த அளவுக்கு உயிரைப் பறிக்காது. ஆனால் காசு கொடுத்தவனுக்குத் தசை வளர்க்கும் புரதம் போய்ச் சேராது. தசையில் புதுப் புரதம் கட்டும் வேலையைத் தூண்டிவிடுவதில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வே புரதத்தின் எடையில் 10 முதல் 11 சதவீதம் லியூசின். அப்படியானால் 24 கிராம் வே புரதத்தில் இரண்டரை கிராம் லியூசின் இருக்க வேண்டும். தம்பியின் டப்பாவில் அமினோ அமிலப் பட்டியல் அச்சாகியிருந்தது. லியூசின் 1.7 கிராம். திருப்பிக் கணக்குப் போட்டால் வே புரதம் 16 கிராம் அளவுக்குத்தான் தேறும். சேர்மானப் பட்டியலைப் பார்த்தேன், மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு அடுத்து கிளைசின், டாரின். பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முன்னால் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னது போல இருந்தது.

நல்ல ஆய்வகம் நைட்ரஜனோடு நிறுத்தாது. பவுடரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து, புரதச் சங்கிலியை அமினோ அமிலங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கும். அப்புறம் அறுக்காத மாதிரியில் தனியாகத் திரியும் அமினோ அமிலங்களையும் அளந்து கழிக்கும். அப்போது ஏமாற்றுவது மிகவும் கடினம். செலவு அதிகம் என்பதால் எல்லாரும் இதைச் செய்வதில்லை.

2024-இல் கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தார்கள். 25 டப்பாக்களில் லேபிளில் சொன்ன புரதம் இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

தாவரப் புரதப் பவுடருக்கு இன்னொரு கேள்வி உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்புகளில் லைசின் தாராளம் ஆனால் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பட்டாணியும் அரிசியும் கலந்த பவுடர் விற்பது இதற்காகத்தான். நம் இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் சேர்ந்திருப்பதும் இதே கணக்கு.

தண்ணீரில் கலக்கி நுரை வருகிறதா, கட்டி தட்டுகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். அயோடின் சொட்டு நீலமானால் மாவுச்சத்து கலந்திருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் நீலமாகாவிட்டால் கலப்படம் இல்லை என்று சொல்ல முடியாது. கிளைசினை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வெயிலில் கிடந்து பழுப்பேறிய பவுடரை மட்டும் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் லைசினைப் பிடித்துக்கொள்வதால் வருகிற நிறம் அது. அந்த லைசின் உடம்புக்குக் கிடைக்காது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வெளி ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தம்பியும் நானும் அன்றைக்கு ஒரு தாளில் இன்னொரு கணக்கும் போட்டோம். அவன் எடை 62 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) சொல்வதை வைத்தால் நாளுக்கு 51 கிராம் புரதம். எடை தூக்குவதால் 1.6 என்று வைத்தாலும் 100-ஐத் தாண்டாது. மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, இரண்டு வேளை பருப்பு, சோறு, இட்லி, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி. எல்லாவற்றையும் கூட்டியபோது வழக்கமான நாளில் 75 வந்தது. மீதி 25. "அப்ப இன்னும் ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதுமேண்ணா" என்றான்.