வேதித்தடுப்பு: எதை, எதனால்?

போன மாதம் ஒரு புற்றுநோய் விழிப்புணர்வுத் துண்டறிக்கை மெய்ப்புத் திருத்த வந்தது. 'நானோ வேதித்தடுப்பு முறையில் மஞ்சளின் வேதிப்பொருள் செல்களுக்கு விநியோகிக்கப்படுகிறது' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மஞ்சத்தூள்ல கெமிக்கல் கலக்கிறானுங்களே, அதைத் தடுக்கிறதா?" என்றார். தப்பு அம்மாவுடையது இல்லை. இந்த வேதித்தடுப்பு கண்ணில் படுவது இது எத்தனையாவது தடவையோ, அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

மூலச்சொல் கீமோபிரிவென்ஷன். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்போர்ன் 1976-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வந்த புற்றுக்குக் கொடுப்பது கீமோதெரபி, வராமல் இருக்கவும் முற்றாமல் இருக்கவும் கொடுப்பது இது. 2009-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற பொருளை நானோ எனப்படும் மிக மிகச் சிறிய துகளுக்குள் பொதிந்து, செல்களிலும் எலிகளிலும் சோதித்துப் பார்த்து, அதே சொல்லுக்கு முன்னால் நானோவை ஒட்டினார்கள். பொதிந்து கொடுத்தபோது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே போதுமாக இருந்தது. மஞ்சளின் வேதிப்பொருளான குர்குமின் பாடும் திண்டாட்டம்தான்: நீரில் கரையாது, குடல் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். அதனால்தான் பொதி தேவைப்படுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். கொசுத்தடுப்பு, தீத்தடுப்பு, ஊழல் தடுப்பு, விபத்துத் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் நிற்பது எதுவோ அதைத்தான் தடுக்கிறோம், இரண்டாம் வேற்றுமைத் தொகை. அந்த வரிசையில் வேதித்தடுப்பைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இல்லையில்லை, இது மட்டும் மூன்றாம் வேற்றுமை, வேதிப்பொருளால் தடுப்பது என்றால் படிக்கிறவர் என்ன செய்வார்? நண்பர் ஒருவர் 'இரும்புத் தடுப்பு' என்று போலீஸ்காரர்கள் சாலையில் வைப்பதைக் காட்டி மடக்கப் பார்த்தார். நல்ல கேள்விதான். ஆனால் இரும்பைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, கெமிக்கலைத் தடுக்க வேண்டும் என்று சோப்பு விளம்பரம் முதல் அரிசி மூட்டை வரை எல்லாமே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. குழப்பம் வராத இடத்தில் இலக்கணம் நெகிழலாம், வருகிற இடத்தில் கூடாது.

வேதி என்ற சொல்மீது எனக்குக் கோபமில்லை. வேதித்தல் என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுதல், தொட்டதைப் பொன்னாக்கும் பரிசனவேதி திருமந்திரத்திலேயே இருக்கிறது. பழைய, அழகான சொல். அதை இப்படி மாட்டிவிட்டதுதான் வருத்தம்.

நான் எழுதுவது 'மருந்துவழிப் புற்றுத்தடுப்பு'. எதால், எதை, இரண்டும் தெரிகிறது. தேயிலையும் மஞ்சளும் மருந்தா என்று கேட்பவர்கள் உண்டு. சுக்கையும் மிளகையும் மருந்து என்று சொல்லித்தானே வளர்ந்தோம், மாத்திரை மட்டும்தான் மருந்து என்று எப்போது ஆனது? நானோ சேரும்போது 'நானோபொதிவழிப் புற்றுத்தடுப்பு'. நீளம்தான், ஆனால் ஒரு தரம் படித்தால் புரியும்.

நானோவை விட்டுவைத்ததற்குத் தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். 1960 முதல் அளவீட்டு முன்னொட்டு, நானோமீட்டர் என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கிலோவை ஏற்றவர்கள் இதையும் ஏற்கலாம். நானோ டெக்னாலஜியை 'நுண்தொழில்நுட்பம்' என்றால் நுண்ணோக்கியும் நுண்ணுயிரும் இருக்கிற இடத்துக்குப் போய்விடுகிறது, அது ஆயிரம் மடங்கு பெரிய உலகம். மீநுண் பரவாயில்லை, ஆனால் அளவு சொல்லும்போது நானோமீட்டருக்குத்தானே திரும்பி வருகிறார்கள்? 'அணுத்தொழில்நுட்பம்' என்று எழுதினவரை மட்டும் கூடங்குளத்துக்கு அனுப்பலாம்.

அப்புறம் அந்த 'விநியோகம்', ஆங்கில டெலிவரியின் மொழிபெயர்ப்பு. ரேஷன் கடையில் சர்க்கரை விநியோகிப்பார்கள், வெள்ளத்தில் பால் பாக்கெட் விநியோகிப்பார்கள். துகள் செல்லிடம் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். 'மருந்து சேர்ப்பு' என்றால் போதும். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, முழு வரியை ஒரு தரம்கூட வாய்விட்டுப் படிக்காத மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்ல?

திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்த துண்டறிக்கையில் விநியோகம் போயிருந்தது. வேதித்தடுப்பைத் தலைப்பில் தூக்கி வைத்திருந்தார்கள், தடித்த எழுத்தில்.